21 நாள் கணக்கு: கீமோவின் திகதிகளுக்குப் பின்னால் நடப்பது

புற்றுநோய்க்குக் கீமோதெரபி என்ற மருந்துச் சிகிச்சை தொடங்கும் நாளில் கிளினிக் கொப்பியில் வரிசையாகச் சில திகதிகளை எழுதித் தருவார்கள். பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒன்று. பொத்துவிலில் இருந்தோ வாகரையில் இருந்தோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வருகிற குடும்பத்துக்கு அந்தத் திகதிகள் முதலில் பஸ் காசாகவும், இழக்கப்போகும் நாட்கூலியாகவும், பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற யோசனையாகவும்தான் தெரியும். அது இயல்பு. ஆனால் கட்டி எந்த வேகத்தில் வளர்கிறது, மருந்து கலத்தை எந்த நேரத்தில் கொல்கிறது, எலும்புக்குள் இரத்தக் கலங்களை உண்டாக்கும் என்பு மச்சை எத்தனை நாளில் மீள்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த 21 வந்தது. இந்தக் கணக்கு விளங்கினால் எந்த நாளில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை அமைதியாகக் கடந்துவிடலாம் என்பது தெரியும். நோயாளிக்கும் வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் அது பெரிய பலம் என்று நான் நம்புகிறேன்.

ஒரு கலத்தில் இருந்து

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 30 லட்சம் கோடி கலங்கள் இருக்கின்றன. தோல், வாயின் உட்பக்கம், குடலின் உட்சுவர், என்பு மச்சை ஆகிய இடங்களில் பழையவை உதிர்ந்து புதியவை பிரிந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு கலம் இரண்டாவதற்கு முன் அதன் டி.என்.ஏ. முழுவதும், ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள், படியெடுக்கப்பட வேண்டும். படியெடுப்பில் பிழை வரும். அநேகமான பிழைகளைத் திருத்தும் நொதியங்கள் கலத்துக்குள்ளேயே உண்டு. திருத்த முடியாத அளவுக்குப் பழுதானால் அந்தக் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்த முடிவை எடுப்பதில் பி53 என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அந்தப் புரதத்தின் மரபணு பழுதாகியிருக்கிறது.

ஒரு விகாரத்தால் (மரபணுவில் நிலைத்துவிட்ட ஒரு பிழையால்) மட்டும் புற்றுநோய் வருவது அரிது. வளரச் சொல்லும் சமிக்ஞை நிற்காமல் ஓட வேண்டும், நிறுத்தச் சொல்லும் மரபணுக்கள் செயலிழக்க வேண்டும், பழுதான கலம் சாகாமல் தப்ப வேண்டும். இப்படிப் பல விகாரங்கள் ஒரே கல வழியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வருடங்கள் ஆகும். அதனால்தான் வயது கூடக் கூட இந்த நோய் அதிகம். சில குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ. 1 அல்லது 2 என்ற மரபணு பிறக்கும்போதே பழுதாக வருகிறது. அங்கே மார்பகத்திலும் சூலகத்திலும் நோய் இளம் வயதிலேயே தோன்றலாம். தாய்க்கோ சகோதரிக்கோ 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

எங்கள் பகுதியில் இதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் வாய். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வெற்றிலை வட்டா இல்லாமல் சபை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றும், புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் அப்படியே என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் தெளிவாக வகைப்படுத்தியது. ஆகவே “நான் புகையிலை போடுறதில்லை, வெறும் வெற்றிலைதான்” என்பது பாதுகாப்புத் தராது. பாக்கில் உள்ள அரிகோலின் கன்னத்தின் உட்தசையில் நார்களைப் பெருக்குகிறது. சுண்ணாம்பு தோலை அரித்து மற்றப் பொருட்களை உள்ளே இறங்க விடுகிறது. புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் டி.என்.ஏ.யில் ஒட்டிப் படியெடுப்பைக் கெடுக்கின்றன. கூட்டைக் கன்னத்தில் அடக்கியபடியே இரவு தூங்குவது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அதே இடம் மணிக்கணக்கில் ஊறுகிறது.

உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிவது, உரசினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, மூன்று கிழமை தாண்டியும் ஆறாத புண், தன் மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் கிளினிக்கில் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் பிடிபட்டால் பலருக்குக் கீமோ பக்கமே வரத் தேவையில்லை.

இனி வளர்ச்சியின் கணக்கு. ஒரு கலம் இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 முறை இரட்டித்தால் 107 கோடி கலங்கள். அது சுமார் 1 சென்டிமீட்டர் அளவு, 1 கிராம் எடை. கையால் தடவிப் பார்த்து உணரக்கூடிய கட்டி இப்போதுதான் வந்திருக்கிறது. இன்னும் 10 முறை இரட்டித்தால் 1 கிலோ. அதாவது ஒரு கட்டியின் வாழ்க்கையில் நான்கில் மூன்று பங்கு யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. “போன மாதம்தான் வந்தது” என்று சொல்லப்படும் கட்டி பெரும்பாலும் பல வருடத்துக் கட்டி. 1 அல்லது 2 மில்லிமீட்டரைத் தாண்டியதும் அது தனக்கென்று இரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. அந்தக் குழாய்கள் வழியாகவும் நிணநீர் வழியாகவும் சில கலங்கள் கழன்று ஈரல், நுரையீரல், எலும்பு என்று போய்க் குடியேறலாம். சத்திரசிகிச்சையில் கட்டியை முழுதாக எடுத்த பிறகும் ஏன் கீமோ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எடுத்தது கண்ணுக்குத் தெரிந்த பகுதியை. முன்பே கழன்றுபோன கலங்களைத் தேடி உடல் முழுக்கப் போகக்கூடியது இரத்தத்தில் கலக்கும் மருந்துதான்.

மருந்து என்ன செய்கிறது

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை பிரிந்துகொண்டிருக்கும் கலத்தைத் தாக்குபவை. சைக்ளோபொஸ்பமைட்டும் சிஸ்பிளாட்டினும் டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் பிணைத்துப் பிரிய விடாமல் செய்கின்றன. 5-எஃப்.யூ., மெதொட்ரெக்சேட், கப்பசிட்டபின் போன்றவை படியெடுப்புக்குத் தேவையான மூலப்பொருளைத் தடுக்கின்றன. டொக்சோரூபிசின் டி.என்.ஏ.க்குள் செருகிக்கொண்டு அதை உடையச் செய்கிறது. வின்கிறிஸ்டினும் பக்லிடக்செலும் கலம் இரண்டாகும் கடைசிக் கட்டத்தில் நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் இழைகளைக் குழப்புகின்றன.

வின்கிறிஸ்டின் கிடைப்பது நித்தியகல்யாணிச் செடியில் இருந்து, பட்டிப்பூ என்று சொன்னால் பலருக்குத் தெரியும். கோயில் வளவிலும் கடற்கரை மணலிலும் தானாகப் பூத்து நிற்கும் அதே செடி. ஆனால் அதன் இலையை அவித்துக் குடிக்காதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். மருந்தாகக் கொடுக்கும் ஒரு தடவை அளவு 2 மில்லிகிராமுக்கு மேல் போகாதபடி கவனித்துத்தான் ஏற்றப்படுகிறது, அதுவும் நாளம் என்ற இரத்தக்குழாய்க்குள் மட்டும். அவியலில் எந்த நஞ்சு எவ்வளவு இறங்கியது என்று அளக்க வழியில்லை. என்பு மச்சையும் நரம்பும் ஏற்கனவே கீமோவில் களைத்திருக்கும்போது அது நேரடி ஆபத்து.

மருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கொல்வதில்லை, ஒரு குறிப்பிட்ட விகிதத்தைக் கொல்கிறது. இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். 100 கோடி கலங்களில் தொடங்குகிறோம். ஒவ்வொரு சுற்றும் 99 வீதத்தைக் கொல்கிறது, மிச்சம் அடுத்த 21 நாளில் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று முடிய 1 கோடி மிஞ்சும், 21ஆம் நாள் அது 2 கோடி. இரண்டாவதுக்குப் பிறகு 2 லட்சம், அது 4 லட்சமாகும். மூன்றாவதுக்குப் பிறகு 4,000, அது 8,000. நான்காவதுக்குப் பிறகு 80, அது 160. ஐந்தாவதுக்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு. ஆறாவது அதையும் துடைக்கும்.

உண்மையில் எல்லாக் கட்டியும் இவ்வளவு ஒழுங்காகப் பணியாது. ஆனாலும் இந்தக் கணக்கில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டாவது, மூன்றாவது சுற்றிலேயே கட்டி கைக்குத் தெரியாது, ஸ்கானிலும் தெரியாமல் போகலாம். “கட்டி கரைஞ்சு போச்சு, இனி ஏன் இந்த வேதனை” என்று பலர் நிற்பது அந்த இடத்தில்தான். மூன்றாவது சுற்றுக்குப் பிறகும் அங்கே 4,000 கலங்கள் இருக்கின்றன. 4,000 திரும்ப 100 கோடி ஆக 18 முறை இரட்டித்தால் போதும். 21 நாளுக்கு ஒருமுறை என்றால் ஒரு வருடமும் சில நாட்களும். அதோடு தப்பி நிற்கும் கலங்கள் பெரும்பாலும் மருந்தை வெளியே தள்ளிவிடக் கற்றவை. இரண்டாம் தடவை அதே மருந்து முன்போல் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

சரி, ஆறு தடவைக்குரிய மருந்தை ஒரேயடியாக ஏற்றினால் என்ன? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு தடவை களைநாசினி அடித்தால் முளைத்து நிற்பதுதான் சாகும், மண்ணுக்குள் கிடக்கும் விதை பிறகு முளைக்கும். அளவைக் கூட்டி அடித்தால் நெல்லும் கருகும். உடலில் நெல்லின் இடத்தில் இருப்பவை என்பு மச்சை, வாய், குடல், மயிர்வேர். அவையும் வேகமாகப் பிரியும் கலங்கள் என்பதால் அடி வாங்குகின்றன. ஆனால் அவற்றின் டி.என்.ஏ. திருத்தும் ஆற்றல் பழுதாகவில்லை, தாய்க் கலங்கள் ஓய்வில் தப்பி நிற்கின்றன. அதனால் சாதாரண கலங்கள் மூன்று கிழமையில் எழும்பிவிடுகின்றன, புற்றுக் கலங்கள் முழுமையாக எழும்புவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுகிறது. இந்த வேக வித்தியாசத்தைத்தான் 21 நாள் பயன்படுத்திக்கொள்கிறது.

கீமோ உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதில்லை. சில கிழமைகளுக்கு அதைக் குறைக்கிறது என்பதே உண்மை. அது உடலுக்கு உதவுவது சுமையைக் குறைப்பதன் மூலம். கோடிக்கணக்கில் நின்று நோயெதிர்ப்புக் கலங்களை மழுங்கடித்த கூட்டம் சில நூறாகச் சுருங்கும்போது அவற்றுக்கும் வேலை செய்ய இடம் கிடைக்கிறது.

எல்லாப் புற்றுநோய்க்கும் கீமோ ஒரே பங்கு வகிப்பதில்லை. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய், ஹொட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய், விதைப் புற்றுநோய் ஆகியவற்றை முக்கியமாகக் கீமோவால் குணமாக்க முடியும். வாய்ப்புற்றுநோயில் பிரதான சிகிச்சை சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும், சிஸ்பிளாட்டின் கதிருக்குத் துணையாகச் சேர்க்கப்படுகிறது. “எனக்கு வெட்டு வேண்டாம், கீமோ மட்டும் தாருங்கள்” என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் பல இடங்களுக்குப் பரவிய நிலையில் கீமோ தருவது வலியைக் குறைக்கவும் நாளை நீட்டவும். உங்களுக்குத் தரப்படுவது எந்த நோக்கத்துக்கு என்று டொக்டரிடம் நேராகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஏற்றும் நாள்

ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பதைச் சடங்காக நினைத்துச் செருப்போடு ஏறி நிற்காதீர்கள். அநேகமான மருந்தின் அளவு உடற்பரப்பில் இருந்து கணிக்கப்படுகிறது. உயரத்தை சென்டிமீட்டரிலும் எடையை கிலோவிலும் பெருக்கி, 3,600ஆல் பிரித்து, வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டரில் விடை வரும். 155 சென்டிமீட்டர், 58 கிலோ உள்ள பெண்ணுக்கு 1.58. மார்பகப் புற்றுநோய்க்கு வழமையான, சதுர மீட்டருக்கு டொக்சோரூபிசின் 60 மில்லிகிராம், சைக்ளோபொஸ்பமைட் 600 மில்லிகிராம் என்ற விகிதத்தில் அவருக்கு முறையே சுமார் 95ம் 950ம் வரும். எடை 10 வீதம் இறங்கினால் கணக்குத் திரும்பப் போடப்படும். டொக்சோரூபிசினுக்கு வாழ்நாள் எல்லை ஒன்றும் உண்டு, சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை. தாண்டினால் இதயத் தசை பழுதாகும். முன்பு வேறு இடத்தில் கீமோ ஏற்றியிருந்தால் அந்த டயக்னோசிஸ் கார்ட்டைக் கட்டாயம் காட்ட வேண்டியதற்கு இதுவே காரணம். இதய எக்கோ எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

முந்திய நாளோ அன்று காலையோ இரத்தப் பரிசோதனை செய்வார்கள். தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் 1,500க்கும், இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டு 1 லட்சத்துக்கும் மேல் இருந்தால்தான் பொதுவாக மருந்து ஏற்றப்படும். குறைந்திருந்தால் ஒரு கிழமை தள்ளிப்போடுவார்கள். திருக்கோவிலில் இருந்து விடிய முதல் பஸ் எடுத்து வந்து, “இன்றைக்கு இல்லை” என்று கேட்பது எவ்வளவு வேதனை என்று தெரியும். ஆனால் குறைந்த எண்ணிக்கையில் ஏற்றினால் அடுத்த இறக்கத்தில் உடல் தாங்காது. அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் முந்திய நாளே எஃப்.பி.சி. என்ற அந்த இரத்தக் கல எண்ணிக்கைப் பரிசோதனையை எடுத்து அறிக்கையைக் கொண்டுவரலாமா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள், வீண் பயணம் குறையும்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். அதனால் முன்னும் பின்னும் மணிக்கணக்கில் சேலைன் போகும். அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நாரி நோவுக்கென்று டைக்லோஃபினாக் போன்ற மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. நோன்பு காலத்திலோ கந்தசஷ்டி விரதத்திலோ ஏற்றும் திகதி விழுந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நோயாளிக்கு நோன்பில் விலக்கு இருப்பதை உங்கள் மௌலவியே சொல்வார். தண்ணீரின்றி சிஸ்பிளாட்டின் எடுப்பது சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கலாம்.

மருந்து போகும்போது ஊசி போட்ட இடம் எரிந்தால், வீங்கினால் உடனே நேர்சைக் கூப்பிடுங்கள். எங்கள் ஆட்கள், முக்கியமாக வயதான அம்மாமார், “மிஸ் வேலையா நிற்கிறா, கொஞ்சம் பொறுப்பம்” என்று இருந்துவிடுவார்கள். டொக்சோரூபிசினும் வின்கிறிஸ்டினும் நாளத்துக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசை அழுகும், தோல் ஒட்டும் சத்திரசிகிச்சை வரை போகலாம். உடனே நிறுத்தினால் பாதிப்பைக் குறைக்கலாம். இந்த விஷயத்தில் பொறுமை கூடவே கூடாது.

டொக்சோரூபிசினுக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். 48 மணிநேரத்துக்கு சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து இருக்கும். கழிவறைக் கோப்பையின் மூடியை மூடிவிட்டு இரண்டு தடவை தண்ணீர் அடியுங்கள். வாந்தி பட்ட துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியாகக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்தத் துணியைத் தொடக்கூடாது. மற்றபடி நோயாளியைக் கட்டிப்பிடிக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம், பேரப்பிள்ளை மடியில் இருக்கலாம். புற்றுநோய் தொற்றாது. தட்டையும் பாயையும் பிரித்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பது மனதை வருத்துகிறது.

7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

நியூட்ரோபில் என்ற வெண்குழியம் இரத்தத்தில் வாழ்வது சில மணிநேரம். குருதிச் சிறுதட்டு 8 முதல் 10 நாள், செங்குழியம் 120 நாள். என்பு மச்சை உற்பத்தியை நிறுத்தினால் முதலில் தீர்ந்துபோவது நியூட்ரோபில்தான். ஏற்கனவே பாதி வளர்ந்து இருப்பில் இருந்தவை முதல் சில நாளைச் சமாளிக்கும். அவை முடிய, 7ஆம் நாளில் இருந்து 14ஆம் நாள் வரை எண்ணிக்கை அடியில் கிடக்கும். 500க்குக் கீழே போனால் தன் குடலிலும் வாயிலும் வழமையாக இருக்கும் பக்டீரியாவே இரத்தத்துக்குள் இறங்கி ஒருவரைச் சில மணிநேரத்தில் சாய்த்துவிடும்.

அந்த வேளையில் எச்சரிக்கை பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான். சீழ் வராது, வீக்கம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் சீழை உண்டாக்குவதே நியூட்ரோபில். வெப்பமானி 38.3 பாகை செல்சியஸ் ஒருதடவை காட்டினாலும், 38 ஒரு மணிநேரம் நின்றாலும், அல்லது காய்ச்சல் இல்லாமலே குளிர்ந்து நடுங்கினாலும் அது அவசரம். வைத்தியசாலை வந்து ஒரு மணிநேரத்துக்குள் நாளம் வழியாக அன்டிபயோட்டிக் ஏற வேண்டும்.

இங்கே நடக்கும் பிழை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: இரண்டு பனடோல். காய்ச்சல் இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி வரும், தொற்று உள்ளே பெருகும். விடியும்போது இரத்த அழுத்தம் விழுந்திருக்கும். வெப்பநிலை பார்க்காமல் பனடோல் போடாதீர்கள். போட்டால் குறையத்தானே போகிறது என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். மாரியில், கார்த்திகை முதல் தை வரை, இன்னொரு குழப்பமும் சேர்கிறது. “ஊரெல்லாம் டெங்கு, இதுவும் அதுதான்” என்று மூன்றாம் நாள் இரத்தம் பார்க்கலாம் என இருந்துவிடுகிறார்கள். டெங்குவாக இருந்தாலும் கீமோவில் இருப்பவர் அன்றே வைத்தியசாலையில் இருக்க வேண்டியவர்தான்.

மட்டக்களப்புக்கே வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அம்பாறை என எது கிட்டவோ அங்கே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம். வாசலில் சொல்ல வேண்டிய முதல் வசனம் “காய்ச்சல்” என்பது மட்டும் போதாது. “கீமோ ஏற்றி 9ஆம் நாள், 38.5 காய்ச்சல்” என்று சொல்லிக் கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். அந்த ஒரு வசனம் உங்களை வெளிநோயாளர் வரிசையில் இருந்து நேரே உள்ளே கொண்டுபோகும். மழைக்காலத்தில் வீதி மூழ்கும் ஊர்களிலும், பாதை என்ற மிதவையில் ஏறி ஆறு கடந்து வர வேண்டிய ஊர்களிலும் இருப்பவர்கள், அந்த ஒரு கிழமையை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உறவினர் வீட்டில் கழிக்க முடிந்தால் மிகவும் நல்லது. டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். ஆசனவாயில் வெப்பநிலை பார்ப்பதும் மருந்து வைப்பதும் கூடாது.

சிலருக்கு எண்ணிக்கையை ஏற்ற ஃபில்கிராஸ்டிம் ஊசி தருவார்கள். கீமோ முடிந்து குறைந்தது 24 மணிநேரம் கழித்துத்தான் அது போடப்படும், முந்திப் போட்டால் புதிதாகப் பிரியத் தொடங்கும் கலங்களையே மருந்து கொல்லும். ஊர் வைத்தியசாலையில் போடச் சொல்லித் தந்தால் 2 முதல் 8 பாகைக்குள் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்கில் ஐஸ் போட்டு, ஊசியைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாமல் வையுங்கள். உறைந்த மருந்தைப் பயன்படுத்தக்கூடாது. ஊசிக்குப் பிறகு இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் நோகும். மச்சை வேலை செய்யத் தொடங்கியதால் வரும் நோவு அது.

இந்த நாட்களில் சனக்கூட்டம் வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும், தீமிதிப்பும், கதிர்காமப் பாதயாத்திரையும் வரும்போது “நேர்த்தி வைத்திட்டேன்” என்று தவிப்பவர்களை நான் புரிந்துகொள்கிறேன். நேர்த்தியைச் சிகிச்சை முடிந்த பின் நிறைவேற்றுங்கள். பக்லிடக்செல் எடுப்பவருக்குப் பாதம் மரத்திருக்கும், சூடும் வெட்டும் தெரியாது. அதே காரணத்துக்காகச் சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்குவதும் கூடாது, எலிக்காய்ச்சல் வரும் வழி அது.

சாப்பாடும் வாயும்

பத்தியம் என்ற பெயரில் மீனையும் முட்டையையும் நிறுத்துவது பெரிய தீங்கு. புதிய கலங்கள் கட்டப் புரதம் வேண்டும், ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. 58 கிலோவுக்கு நாளொன்றுக்கு 70 முதல் 87 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராமும் ஒரு முட்டையில் 6 கிராமும் உண்டு. பருப்பும் சேர்த்தால் எட்டிவிடலாம். எல்லாம் நன்றாக வெந்ததாக, சூடாக இருக்கட்டும். கடையில் திறந்து வைத்த முட்டித்தயிர், பச்சைச் சம்பல், வெட்டி வைத்த பழம் ஆகியவை அந்த இரண்டாவது கிழமையில் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

வாந்திக்கான மாத்திரையை வாந்தி வரும்வரை வைத்திருக்காமல் எழுதித் தந்த நேரத்துக்கே போடுங்கள். சிஸ்பிளாட்டினில் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை தாமதமாகவும் குமட்டும். வாந்தி மாத்திரையான ஒண்டன்செற்றோன் மலச்சிக்கல் தரும், அதற்கு வாழைப்பழமும் தண்ணீரும் போதாவிட்டால் மருந்து கேளுங்கள். வழமையைவிட நான்கு தடவைக்கு மேல் வயிற்றோட்டம் போனால் ஜீவனி கரைத்துக் குடித்தபடியே வைத்தியசாலைக்கு வாருங்கள். கப்பசிட்டபின் மாத்திரை எடுப்பவர் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் முதலில் கேட்க வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, நாளுக்கு நான்கைந்து தடவை கொப்பளியுங்கள். தினமும் புதிதாகக் கரையுங்கள். கீமோவில் இருக்கும்போது வெற்றிலை ஒரு வாய்கூட வேண்டாம். முடி இரண்டாம், மூன்றாம் கிழமையில் கொட்டும், சிகிச்சை முடிந்து சில மாதங்களில் திரும்ப வரும். எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது.

திகதி தவறினால்

அறுவடை, மரண வீடு, வெள்ளம் என்று ஏதோ ஒன்று வரத்தான் செய்யும். ஒரு திகதி தவறினால் “அடுத்த 21ஆம் நாள் போவம்” என்று விடாமல், அதே கிழமையில் வந்து நில்லுங்கள். மூன்று நாள் தாமதத்துக்கும் மூன்று கிழமைத் தாமதத்துக்கும் மேலே போட்ட கணக்கில் நிறைய வித்தியாசம். பயமாக இருந்ததால் வரவில்லை என்றாலும் அதையே சொல்லுங்கள். வாந்திக்கு வேறு மருந்து தரலாம், அளவை மாற்றலாம், சுற்றைத் தள்ளலாம். நோயாளி வராமலே விட்டால் இவற்றில் எதையும் செய்ய முடியாது.

கடைசிச் சுற்று ஏற்றிய நாளில் வீட்டில் பால் பொங்கிவிட்டு வெப்பமானியை எறிந்துவிடாதீர்கள். அந்தச் சுற்றுக்கும் 7ஆம் நாள் உண்டு, 14ஆம் நாள் உண்டு. எஃப்.பி.சி. வழமைக்குத் திரும்பியதை டொக்டர் சொல்லும்வரை காய்ச்சல் விதி அப்படியே இருக்கும். அதன்பிறகு முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். அந்தத் திகதிகளையும் அதே கொப்பியில், அதே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.